நின்றுபோன கேஸ் பிளான்ட்டை மறுபடி ஓட்டினோம்

எங்கள் பல்கலைக்கழகத்து ஆண்கள் விடுதி மெஸ்ஸுக்குப் பின்னால், மிஞ்சும் சாப்பாட்டிலிருந்து எரிவாயு உண்டாக்கும் கலன் ஒன்று இருக்கிறது. எல்லாரும் அதை கேஸ் பிளான்ட் என்றுதான் சொல்வார்கள். கல்வெட்டு இருந்தது, திறப்பு விழா போட்டோ அலுவலகச் சுவரில் இருந்தது, பசுமை வளாக அறிக்கையில் வருஷா வருஷம் அதைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. வாயு மட்டும் இல்லை. கட்டின ஒப்பந்தக்காரர் கிளம்பிப்போன சில மாதங்களிலேயே நின்றுவிட்டது. டிரம்மின் தலையில் மழைத்தண்ணீர் தேங்கிக் கொசு வளர்ந்ததுதான் மிச்சம்.

நான் இயந்திரவியல் துறை ஒர்க்‌ஷாப்பில் பயிற்றுநர். இது என் வேலையே இல்லை. மெஸ்ஸில் மிஞ்சும் சோற்றைப் பக்கத்து ஊர்ப் பன்றிப் பண்ணைக்காரர் ஒருவர் வண்டி கட்டி எடுத்துப் போய்க்கொண்டிருந்தார். அவர் வருவது குறைந்து, ஒருநாள் நின்றும் போனது. (பன்றிக்குப் போவதும் நல்ல ஏற்பாடுதான், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆள் ஒழுங்காக வர வேண்டும், அவ்வளவே.) நாலு நாளில் மெஸ் பின்புறம் நாறத் தொடங்கியது. போதாததற்கு, பல்கலைக்கழகங்களுக்குத் தரமதிப்பீடு போடும் நாக் குழு வரும் வருஷம் அது. நாக் குழு வருகிறது என்றால் வளாகத்தில் எது எதுவோ உயிர் பெறும். “ஒர்க்‌ஷாப் ஆளைக் கூப்பிடுங்க” என்று யாரோ சொல்ல, என்னைக் கூப்பிட்டார்கள்.

2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே இதைச் சொல்லியிருந்தன. 5,000 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள நிறுவனங்கள் மக்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே பதப்படுத்த வேண்டும். குப்பையை வெளியே தள்ளிவிட்டால் முடிந்தது என்ற காலம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டுதான் சாவி வாங்கிக்கொண்டு போனேன்.

என்ன இருந்தது

மிதக்கும் டிரம் வகை. தரைக்குள் செங்கல் கட்டிப் பூசிய வட்டக் குழி, சுமார் 12 கன மீட்டர். அதன்மேல் கவிழ்த்துப் போட்ட ஃபைபர் டிரம், 5 கன மீட்டர் வாயு பிடிக்கும். ஒரு பக்கம் கரைசல் ஊற்றும் தொட்டி, எதிர்ப்பக்கம் வெளியேறும் தொட்டி. வாயு சேரச் சேர டிரம் மேலே ஏறும், எரிக்க எரிக்க இறங்கும். காதி கிராமத் தொழில் ஆணையம் 1962-இல் எடுத்துக்கொண்டு நாடு முழுக்கப் பரப்பிய வடிவம் இதுதான். அப்போது இரும்பு டிரம், இப்போது ஃபைபர். வடிவத்தில் கோளாறு சொல்ல ஒன்றுமில்லை. மாட்டுச் சாணத்துக்கு என்று யோசித்த சாமானில் சோற்றைக் கொட்டினால் என்ன ஆகும் என்பதைத்தான் இங்கே யாரும் யோசிக்கவில்லை.

சாணம் என்பது மாடு ஏற்கெனவே செரித்துவிட்டு வெளியே தள்ளிய மிச்சம். அதில் சத்து குறைவு, அதனால் ஆபத்தும் குறைவு. ஒரு கன மீட்டர் வாயுவுக்கு 25 கிலோ சாணம் வேண்டும், செரிக்க 40 நாள் ஆகும். சோறு அப்படியல்ல. புனேயில் உள்ள ஆர்த்தி நிறுவனம் மாவுச்சத்துக் கழிவில் ஓடும் சின்னக் கலன்களை உருவாக்கி 2006-இல் ஆஷ்டன் விருது வாங்கியது. ஊற்றிய ஓரிரு நாளிலேயே வாயு வந்துவிடும் என்று காட்டியவர்கள் அவர்கள். சுமார் 10 கிலோ சோற்றுக் கழிவில் ஒரு கன மீட்டர் கிடைக்கும். வேகமாக வரும் பொருள், அதே வேகத்தில் கெட்டும் போகும்.

குழிக்குள் நடப்பது மாட்டின் முதல் வயிற்றில் நடப்பதைப் போன்றதுதான். ஒரு கூட்டம் நுண்ணுயிர்கள் சாப்பாட்டை உடைத்து அமிலமாக்கும். இன்னொரு கூட்டம் அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் ஆக்கும். முதல் கூட்டத்துக்கு வேகம் அதிகம், எதையும் தாங்கும். இரண்டாவது கூட்டம் மெதுவாகப் பெருகும், கொஞ்சம் புளித்தாலே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஒரே நாளில் அண்டாச் சோற்றைக் கொட்டினால் அமிலம் குவியும், மீத்தேன் நிற்கும், அமிலம் இன்னும் குவியும்.

மெஸ் மாஸ்டரிடம் கேட்டேன், கடைசியாக எப்படி இருந்தது என்று.

“டிரம்மு நல்லாத்தான் ஏறுச்சு சார். அடுப்புதான் பிடிக்கலை.”

போதும், விஷயம் புரிந்துவிட்டது. டிரம் ஏறி, அடுப்பு பிடிக்கவில்லை என்றால் உள்ளே இருப்பது பெரும்பாலும் கரியமில வாயு. அமிலக் கூட்டம் மட்டும் வேலை செய்துகொண்டிருக்கிறது. வேதியியல் துறையிலிருந்து புளிப்பை அளக்கும் பிஎச் தாள் (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) வாங்கி வெளியேறும் தொட்டியில் நனைத்தால் 5-ஐ ஒட்டிக் காட்டியது. நன்றாக ஓடும் கலனில் 6.8-க்கும் 7.4-க்கும் நடுவே இருக்கும்.

ஊற்றும் தொட்டியின் மூலையில் வெள்ளையாகப் படிந்த பொருக்கு ஒன்றும் இருந்தது. சுரண்டி முகர்ந்தால் நீச்சல் குளத்து வாடை. “நாத்தம் தாங்கலைன்னு பிளீச்சிங் பவுடர் போட்டாங்க” என்றார் மாஸ்டர். புளித்துப்போன குழியில் மிச்சம் மீதி உயிரோடு இருந்ததையும் அது முடித்திருக்கும்.

காலி செய்வது

லேசாகப் புளித்த கலனுக்கு மருந்து உண்டு. ஊட்டுவதை நிறுத்திவிட்டு, சமையல் சோடாவோ சுண்ணாம்போ கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து ஊற்றிப் பொறுமையாக இருந்தால் திரும்பும். இது அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. முழுக்க எடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே மேல் என்று முடிவு செய்தோம்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குழிக்குள் யாரும் இறங்கக் கூடாது. பாதி காலியானாலும், நாற்றமே இல்லை என்றாலும் கூடாது. உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை வாடை அடிக்கும். அளவு கூடினால் மூக்கை மரத்துப்போக வைத்துவிடும், வாடையே தெரியாது. கழிவுநீர்த் தொட்டிகளில் நம் ஊரில் செத்தவர்கள் பலர் அப்படிச் செத்தவர்கள்தான். “நான் டக்குன்னு இறங்கி ஏறிடுறேன் சார்” என்று ஒரு பையன் முண்டா பனியனோடு தயாராக நின்றான். நல்ல பையன். அவனை டீ வாங்கிவர அனுப்பிவிட்டுக் கயிறு கட்டி வேலி போட்டோம்.

வாயுக் குழாயின் வால்வைத் திறந்துவிட்டு, இரும்புக் குழாய்களில் முக்காலி கட்டி, செயின் பிளாக் மாட்டி டிரம்மைத் தூக்கினோம். வால்வு திறந்திருந்தால்தான் உள்ளே வெற்றிடம் உண்டாகி டிரம்மைப் பிடித்து இழுக்காது. தூக்கிவிட்டு ஒருநாள் அப்படியே காற்றாட விட்டோம். மறுநாள் கழிவுநீர் லாரி வந்து உறிஞ்சியது. மேலே படிந்திருந்த ஆடைதான் உறிஞ்சுகுழாயை அடைத்து அடைத்து உயிரை வாங்கியது. ஒரு சாண் கனத்துக்கு முருங்கைக்காய்ச் சக்கை, வாழையிலை நரம்பு, கறிவேப்பிலை, தேங்காய் நார். நுண்ணுயிருக்கு நாரைச் சீக்கிரம் செரிக்கத் தெம்பு கிடையாது, அது மிதந்து வந்து பாய் மாதிரி முடைந்துகொள்ளும். நீளக் கம்பியில் கொக்கி வைத்து வாரி எடுத்தபோது எவர்சில்வர் ஸ்பூன்களும் ஊறுகாய்ப் பாக்கெட்டுகளும் வந்தன. ஸ்பூன்களை அக்கா ஒருவர் கழுவி எடுத்துக்கொண்டு போனார்.

டிரம்

விளிம்பில் இரண்டு இடத்தில் வெடிப்பு. டிரம் ஏறி இறங்க வழிகாட்டும் நடுக்குழாய் துருப்பிடித்து, டிரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து சுவரில் உரசியதால் வந்தது. குழாயை மாற்றுவது எங்களுக்கு அரைநாள் வேலை. ஃபைபர் ஒட்டுவதில்தான் கவனம் வேண்டும்.

வெடிப்பைச் சுற்றிக் கை அகலத்துக்கு எமரித் தாள் போட்டுப் பளபளப்புப் போகும்வரை தேய்க்க வேண்டும். பளபளப்பின்மேல் ரெசின் பிடிக்காது. ஈரம் துளிகூட இருக்கக் கூடாது. பாலியெஸ்டர் ரெசினில் முதலில் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் கலந்து, நன்றாகக் கிளறிய பிறகே இறுக வைக்கும் கேட்டலிஸ்ட்டைச் சேர்க்க வேண்டும். இரண்டையும் நேராக ஒன்றில் ஒன்றாக ஊற்றினால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டு பாட்டிலையும் ஒரே பையில் கொடுத்து அனுப்பும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள், வாங்கப் போகிறவரிடம் சொல்லி அனுப்புங்கள். ஃபைபர் பாயைக் கிழித்து வைத்து (கத்தரியால் வெட்டினால் ஓரம் மேடாக நிற்கும், கிழித்தால் படியும்) பிரஷ்ஷால் ரெசினைக் குத்திக் குத்தி ஏற்றினோம். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் நார் கூடவே வந்துவிடும். வெள்ளையாகத் தெரியும் இடமெல்லாம் காற்று இருக்கும் இடம். முழுக்கக் கண்ணாடி போல ஊடுருவித் தெரிந்தால் சரி. உள்ளே இரண்டு அடுக்கு, வெளியே ஒரு அடுக்கு. சித்திரை வெயிலில் சீக்கிரம் இறுகிவிடுகிறது, அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும்.

டிரம் இறங்கிய பிறகு அழுத்தம் பார்க்க வேண்டும். அதற்குக் கருவி எதுவும் வாங்கவில்லை. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூப் ஒன்றை யு வடிவில் பலகையில் கட்டி, பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை வாயுக் குழாயில் சொருகினால் போதும். இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்தின் வித்தியாசம்தான் அழுத்தம். டிரம்மின் சொந்த எடைக்கு 4 சென்டிமீட்டரை ஒட்டித்தான் காட்டியது. அடுப்புக்கு அது பத்தாது, டிரம்மின் மேல் பாரம் வைக்க வேண்டும். சிவில் துறை ஆய்வகத்தில் சோதனை முடிந்த கான்கிரீட் கியூப்கள் குவிந்து கிடக்கின்றன. 15 சென்டிமீட்டர் கியூப் ஒன்று 8 கிலோ. டிரம்மின் பரப்பு நாலரை சதுர மீட்டர். 20 கியூப்களை வட்டமாக அடுக்கினால் 160 கிலோ, அழுத்தம் மூன்றரை சென்டிமீட்டர் கூட வேண்டும். அடுக்கினோம், ஏறக்குறைய அவ்வளவே கூடியது. கணக்குப் போட்ட மாணவனுக்குத் தன் கணக்கு டியூபில் ஏறி நிற்பதைப் பார்த்து ஒரே குஷி. பாரத்தை ஒரு பக்கமாக வைத்தால் டிரம் மறுபடி சாயும், வட்டம் சமமாக இருக்க வேண்டும்.

குழாயும் இரும்புச் சீவலும்

முன்னால் இருந்தது தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஹோஸ். வெயிலில் வெடித்து, கட்டுக்கம்பியால் சுற்றியிருந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சரியான குழாய் இழுத்தோம். கலனிலிருந்து வரும் வாயுவில் ஈரம் அதிகம், ராத்திரி குளிரும்போது குழாய்க்குள் தண்ணீராக நிற்கும். குழாயில் எங்காவது தொய்வு இருந்தால் அங்கே தண்ணீர் தேங்கி வாயுவை மறிக்கும், அடுப்பு துடிதுடித்து எரியும். அதனால் குழாய் முழுக்க ஒரே சாய்வாக இருக்க வேண்டும், தாழ்ந்த இடத்தில் T வடிவக் குழாய் இணைப்பு ஒன்றைப் போட்டு அதன் காலைத் தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தில் முக்கி வைக்க வேண்டும். சேரும் தண்ணீர் தானாக வழிந்துவிடும். கால் எவ்வளவு ஆழம் முங்கியிருக்கிறதோ அது வாயுவின் அழுத்தத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாயு அந்த வழியே குமிழி விட்டுப் போய்விடும். எங்கள் அழுத்தத்துக்கு 20 சென்டிமீட்டர் தாராளம்.

ஹைட்ரஜன் சல்ஃபைடை எடுக்க இரும்புத் துரு போதும். கடையில் மருந்து கேட்க வேண்டியதில்லை, லேத்துக்குக் கீழே சுருள் சுருளாகக் கிடக்கும் சீவலே மருந்து. எவர்சில்வர், பித்தளை, அலுமினியச் சீவல் கலந்திருக்கக் கூடாது, சாதா இரும்பு மட்டும். கூலன்ட் எண்ணெய் போகச் சோப்புப் போட்டு அலசி, ஈரத்தோடு மொட்டை மாடியில் பரப்பி, தினம் தண்ணீர் தெளித்தால் சில நாளில் செக்கச் செவேலென்று துருப்பிடித்துவிடும். அதை 4 அங்குல பிவிசி குழாயில், ஒரு மீட்டர் நீளத்துக்கு, இறுக்காமல் நிரப்பினோம். வாயு அதன் வழியே போகும்போது துரு கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு கறுத்துவிடும். முழுக்கக் கறுத்தால் எடுத்து மறுபடி வெயிலில் பரப்பினால் பழையபடி சிவக்கும். அப்படி எடுக்கும்போது குவித்து வைக்கக் கூடாது. காற்றுப் பட்டதும் சூடேறும், குவியலாக இருந்தால் கங்காகவே ஆகலாம். நனைத்து, மெல்லிசாகப் பரப்ப வேண்டும். ஒன்று காயும்போது ஒன்று ஓடட்டும் என்று இரண்டு குழாய் வைத்து வால்வு போட்டிருக்கிறோம்.

இதைத் தாண்டி அடுப்புக்கு முன்னால் குழாய்க்குள் பித்தளை வலையைச் சுருட்டிச் செருகியிருக்கிறோம், சுடர் பின்னோக்கி ஓடிவிடாமல் இருக்க. எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் அடித்துக் குமிழி பார்த்தோம். கசிவு என்பது வாயு நஷ்டம் மட்டுமில்லை. மீத்தேன் நூறு வருஷக் கணக்கில் கரியமில வாயுவைப் போலச் சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். கசியும் கேஸ் பிளான்ட்டை வைத்துக்கொண்டு பசுமை வளாகம் என்று பலகை மாட்டுவது நல்ல வேடிக்கை.

அடுப்பு

மெஸ்ஸில் தூக்கிப் போட்டிருந்த பழைய பர்னர் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கினோம். சிலிண்டர் லைனோடு இதற்கு எந்தத் தொடர்பும் இல்லை, இருக்கவும் கூடாது. எல்பிஜி அதிக அழுத்தத்தில் வரும், எரிய நிறையக் காற்றுக் கேட்கும். சாண எரிவாயுவோ அழுத்தம் குறைவு, அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் மீத்தேன், காற்றும் ஆறு மடங்கு போதும். ஆக ஜெட் துளையைப் பெரிதாக்க வேண்டும், காற்றுத் துவாரத்தைச் சுருக்க வேண்டும். துளையைச் சின்ன டிரில்லில் தொடங்கி அரை மில்லிமீட்டராக ஏற்றிக்கொண்டே வந்தோம். ஒரேயடியாகப் பெரிதாக்கினால் திரும்ப அடைக்க முடியாது. சுடர் பர்னரை விட்டு எழும்பிப் பறந்தால் காற்று அதிகம், மஞ்சளாக நாக்கு நீட்டினால் காற்றுக் குறைவு. இரண்டும் இல்லாமல் நீலமாகப் படிந்து எரிந்தால் நிறுத்திக்கொள்ளலாம். பகல் வெளிச்சத்தில் அந்தச் சுடர் கண்ணுக்கே தெரியாது, அடுப்பு அணைந்திருக்கிறது என்று கை வைத்துவிடுவார்கள். சுற்றிலும் தகரம் வளைத்து நிழல் உண்டாக்கினோம்.

உறை ஊற்றுவது

தொடக்கத்துக்குச் சாணம்தான். பக்கத்துக் கிராமத்திலிருந்து டிராக்டரில் இறக்கி, சம அளவு தண்ணீர் விட்டுக் கரைத்து, கல்லும் வைக்கோலும் வடிகட்டி ஊற்றினோம். வேண்டிய நுண்ணுயிர்கள் அதிலேயே இருக்கின்றன, வேறு பவுடர் எதுவும் விலை கொடுத்து வாங்க வேண்டாம். அப்புறம் காத்திருப்பதுதான் வேலை. எங்கள் ஊர் வெயிலுக்கு அது சீக்கிரம் பற்றிக்கொள்ளும். குழிக்குள் 30 டிகிரிக்கு மேல் இருந்தால் அவற்றுக்குச் சுகம்.

முதலில் ஏறிய டிரம்மை அப்படியே திறந்து வெளியே விட்டோம். அதில் காற்றும் கரியமில வாயுவும் கலந்திருக்கும். மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருக்கும்போதுதான் வெடிக்கும் ஆபத்து, முதல் டிரம்மில் அந்த விகிதம் அமைந்துவிட வாய்ப்பு உண்டு. “ஒரு தடவை கொளுத்திப் பார்ப்போமே” என்று கேட்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். டிரம் பக்கத்தில் தீக்குச்சியே கூடாது, சோதனை எல்லாம் தள்ளியிருக்கும் அடுப்பில்தான். இரண்டாவது தடவை ஏறியதும் பிடித்தது. மாஸ்டர் அதில் டீ போட்டார். கொஞ்சம் கந்தக வாடை அடித்தது, ஆனாலும் குடித்தோம்.

யார் ஊட்டுவது

இதுவரை சொன்னதெல்லாம் ஒர்க்‌ஷாப் வேலை, தெரிந்தவர்கள் யாரும் செய்துவிடலாம். இனிச் சொல்வதில்தான் பிளான்ட் ஓடுவதும் நிற்பதும் இருக்கிறது.

சுற்றுச்சூழல் மன்ற மாணவர்கள் முறை போட்டு ஊற்றுவதாகச் சொன்னார்கள். ஆர்வம் நிஜமானது, குறை சொல்லவில்லை. ஆனால் இன்டர்னல் தேர்வு வந்தால் முறை மறந்துவிடும், பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனால் ஊற்ற ஆள் இருக்காது. குழிக்கு விடுமுறை தெரியாது. அதோடு, கழிவைப் பிரித்துக் கையாள்வது தட்டு கழுவும் இடத்தில் நடக்கிற வேலை. அங்கே இருப்பது மாணவர்கள் அல்ல, பாத்திரம் கழுவும் அக்காக்கள்.

அவர்களில் ஒருவர் முதல் வாரத்திலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். “வாழையிலை போடாதேங்கிறீங்க, முருங்கைக்காய் போடாதேங்கிறீங்க, எலுமிச்சைத் தோல் போடாதேங்கிறீங்க. அதையெல்லாம் பொறுக்கி எடுக்கிற நேரத்துக்கு யார் சார் சம்பளம் குடுக்கிறது?”

நியாயமான கேள்வி. விடுதிக் கமிட்டியில் இதை வைத்தேன். பிளான்ட்டுக்கு என்று மாதப்படி தனியாக ஒதுக்கினால் ஓடும், இல்லாவிட்டால் மறுபடி கொசுதான் வளரும் என்று சொன்னேன். இரண்டு கூட்டம் இழுத்தடித்து, ஒப்புக்கொண்டார்கள். இப்போது அந்த அக்காதான் பொறுப்பு. கையுறை, கம்பூட் வாங்கிக் கொடுத்திருக்கிறது.

தட்டு கழுவும் இடத்தில் இரண்டு டிரம். ஒன்றில் சோறு, சாம்பார், பொரியல், இட்லி, தோசை, வெந்த காய் எல்லாம். இன்னொன்றில் எலும்பு, முட்டை ஓடு, சக்கை, எலுமிச்சை, வெங்காயத் தோல், இலை, டிஷ்யூ. சோப்புத் தண்ணீர், பினாயில் எதுவும் இந்தப் பக்கமே வரக் கூடாது. வழியும் எண்ணெயைத் தனியாக வடித்துவிட வேண்டும். கொஞ்சம் எண்ணெய் வாயுவைக் கூட்டும், அதிகமானால் மேலே மிதந்து படலம் கட்டும். சோற்றைக் கூழாக்க மெஷின் வாங்கலாம் என்றார்கள். பெயின்ட் கலக்கும் கம்பியைப் பெரிய டிரில்லிங் மெஷினில் மாட்டிச் சம அளவு தண்ணீரோடு கலக்கினால் வெந்த சோறு தானே கூழாகிவிடுகிறது. செலவு மிச்சம்.

அளவு ஒரே நாளில் ஏறக் கூடாது. 5 கிலோவில் தொடங்கி, வாரத்துக்கு வாரம் கூட்டி, இப்போது நாளுக்கு 50 கிலோவில் நிறுத்தியிருக்கிறோம். குழிக்கு இதற்கு மேலும் தாங்கும் திறன் உண்டு, ஆனால் விருந்து நாளுக்கு இடம் வைக்க வேண்டும். உப்புமா போட்ட அன்று கழிவு இரண்டு மடங்கு சேர்ந்துவிடும். அன்றைக்கும் 50 கிலோதான் ஊற்ற வேண்டும், மிச்சம் இலைச்சருகு மட்கும் இடத்துக்குப் போகும். முதலில் தினமும் பிஎச் தாள் வைத்துப் பார்க்கச் சொன்னேன். அக்கா இப்போது தாளைத் தொடுவதே இல்லை. வெளியேறும் கரைசலைக் கரண்டியில் எடுத்து முகர்ந்து பார்ப்பார். “புளிக்குது சார், நாளைக்கு நிறுத்திடுறேன்” என்பார். நான் சந்தேகத்தில் தாளை நனைத்துப் பார்த்தால் 6.6 காட்டும்.

எடை போட்டுப் பலகையில் எழுதி வைத்ததில் ஒரு பக்க விளைவு. சாப்பாட்டுக்கூட வாசலில் ‘நேற்று வீணானது இத்தனை கிலோ’ என்று தினம் எழுதுகிறோம். பையன்கள் அதைப் பார்த்துவிட்டு மெனுவைப் பற்றிச் சண்டைக்கு வந்தார்கள். சண்டை நல்லதுதான், செவ்வாய்க்கிழமை உப்புமா போய்விட்டது. மாஸ்டருக்குத்தான் என்மேல் கோபம்.

என்ன கிடைத்தது

நேராகச் சொல்கிறேன். 50 கிலோவுக்கு நாளுக்கு 5 கன மீட்டர் வாயு. ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 0.45 கிலோ எல்பிஜிக்குச் சமம். ஆக நாளுக்கு இரண்டே கால் கிலோ, எட்டொன்பது நாளைக்கு ஒரு 19 கிலோ வணிக சிலிண்டர். நூற்றுக்கணக்கானவர்கள் சாப்பிடும் மெஸ்ஸில் இது ஒரு மூலைக்குக்கூடக் காணாது. கேஸ் செலவே இல்லாமல் மெஸ் நடத்தலாம் என்று யாராவது விற்க வந்தால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். எங்களுடையது பாத்திரம் கழுவ வெந்நீர் போடுவதற்கும் காலை டீக்கும் ஆகிறது. வெந்நீர் வந்த பிறகு சோப்புப் பவுடர் குறைந்திருக்கிறது என்கிறார்கள்.

வாயுவைவிட எனக்குப் பெரிதாகப்படுவது கரைசல்தான். ஊற்றுகிற அளவுக்கு வெளியேயும் வரும், தினம் நூறு லிட்டரை ஒட்டி. முதலில் அதைச் செடிகளுக்கு நேராக ஊற்றிப் பார்த்தார்கள், ஈ மொய்த்தது. வளாகத்திலோ இன்னொரு தொல்லை. வேம்பு, புங்கன், தூங்குமூஞ்சி மரங்களின் சருகு பங்குனியில் மலையாகக் குவியும், காலையில் கூட்டி மூலைக்கு மூலை கொளுத்துவார்கள். அதே 2016 விதிகள் பொது இடத்தில் குப்பை எரிப்பதைத் தடுத்திருந்தன, ஆனாலும் புகை வரும். சருகு மட்டும் குவித்தால் மட்காது, அதில் தழைச்சத்து குறைவு. கரைசலில் தழைச்சத்து இருக்கிறது, ஈரமும் இருக்கிறது. கம்பி வலையில் வட்டக் கூண்டு செய்து, ஒரு அடிக்குச் சருகு, மேலே நாலு வாளிக் கரைசல், மறுபடி சருகு என்று அடுக்கினோம். மூன்றாம் நாள் கையை உள்ளே விட்டால் வைத்திருக்க முடியாத சூடு. புங்கன் இலை சீக்கிரம் மட்கிவிடுகிறது, தோட்டத்தில் பாதாம் மரத்து இலைதான் தோல் மாதிரி அப்படியே கிடக்கிறது, அதை மட்டும் மிதித்து நொறுக்கிப் போட வேண்டியிருக்கிறது. மே மாதம் சலித்து எடுத்த உரம் நர்சரிக்குப் போனது. தோட்டக்காரர்கள் இப்போது சருகைக் கொளுத்துவதில்லை, எங்களுக்குத் தரவே போட்டி.

மே விடுமுறையில் மெஸ் மூடிவிடும். அப்போது குழிக்கு வாரம் ஒருமுறை ஒரு வாளிச் சாணக் கரைசல் போதும். பசியை அது தாங்கும், வாயு குறையும், சாகாது. ஜூனில் விடுதி திறக்கும் நாள்தான் கண்டம். முதல் நாளே அண்டா அண்டாவாக மிஞ்சும், ‘பிளான்ட் சும்மாதானே இருக்கு’ என்று கொட்டத் தோன்றும். மறுபடி 5 கிலோவில்தான் தொடங்க வேண்டும். அந்த வாரத்துக்கு ஊற்றும் தொட்டியின் மூடிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டேன். மாஸ்டர் கேட்டும் அவர் தரவில்லையாம்.

இன்னும் பாக்கி இருக்கும் வேலைகள்: கரைசலை வாளியில் சுமப்பதற்குப் பதில் ஒரு சேற்று பம்பு வைக்க வேண்டும். டிரம்முக்கு வெயில் படும் பக்கம் ஒரு கோட் பெயின்ட் அடிக்க வேண்டும், ஃபைபர் வெளிறத் தொடங்கிவிட்டது. பெண்கள் விடுதியிலும் ஒன்று கட்டலாமா என்று கேட்டிருக்கிறார்கள். அங்கே மெஸ்ஸுக்குப் பின்னால் மதியத்துக்கு மேல் கட்டட நிழல் விழுகிறது, இடம் மாற்ற வேண்டியிருக்கும். முதலில் ஒரு மாதம் கழிவை எடை போட்டு எழுதச் சொல்லியிருக்கிறேன், மாதப்படிக்கான கோப்பையும் இப்போதே நகர்த்தச் சொல்லியிருக்கிறேன். கொட்டேஷன் வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகு.